திருமூர்த்தியின் தலைக்கு நூறு பங்கு

ஊற்றுக்கண் பம்ப்ஸ் கம்பெனியில் திருமூர்த்தியின் தலை, பங்கு ஒன்றுக்கு இரண்டு நாள் லீவு என்ற விலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அவருக்கு முடிவெட்டிக்கொள்ள அனுமதி கிடைக்கவில்லை. முறையாக எழுதிக் கொடுத்துத்தான் கேட்டார். "இந்த வாரம் வேண்டாம் சார்" என்று சந்தை அதிகாரி வினோதினி சொல்லிவிட்டார். "தலை திடீர்னு வேற மாதிரி தெரிஞ்சா பங்கு வாங்கினவங்க பயந்துடுவாங்க. செவ்வாய்க்கிழமை சந்தை முடியட்டும், பார்க்கலாம்."

திருமூர்த்தி காதுக்கு மேல் புரண்ட முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

இதெல்லாம் ரொம்ப நியாயமாகத்தான் ஆரம்பித்தது. கோயமுத்தூரில் கணபதி தாண்டி இருக்கும் அந்தக் கம்பெனி, ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் மோட்டார்களைச் செய்கிறது. வாசலில் ஒரு யோசனைப் பெட்டி பதினொரு வருஷமாகத் தொங்கியது. அதைத் திறந்தபோது மூன்று காகிதம் இருந்தன. இரண்டு, கேண்டீன் சாம்பாரைப் பற்றியவை. மூன்றாவது, எப்போதோ நடந்து முடிந்த ஒரு கல்யாணத்தின் பத்திரிகை. முதலாளி அந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டுத்தான் பெங்களூர் போய் ‘தராசு’ என்ற இயந்திரத்தை வாங்கி வந்தார் என்று சொல்வார்கள்.

தராசின் தத்துவம் எளிமையானது. யோசனை நல்லதா கெட்டதா என்று கூட்டம் போட்டுப் பேசினால், உரக்கப் பேசுகிறவன் யோசனைதான் ஜெயிக்கும். அதனால் பேசவே வேண்டாம். ஒவ்வொரு யோசனையையும் பங்கு போட்டு விற்க வேண்டும். நல்லது என்று நினைக்கிறவன் தன் கைப்பொருளை வைத்து வாங்கட்டும். விலை ஏறினால் நிறைவேற்றுவது, இறங்கினால் குப்பை. தன் பொருளை வைக்கிறவன் விளையாட்டுக்கு வைக்க மாட்டான் அல்லவா?

எந்தப் பொருளை வைப்பது என்பதில் மட்டும் தகராறு வந்தது. சம்பளத்தைத் தொடக்கூடாது என்று யூனியன் சொல்லிவிட்டது. அப்புறம் லீவை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. இன்னொரு சிக்கல், சந்தை என்றால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வாரச்சந்தைதான். தினமும் விலை பார்ப்பது குடும்பஸ்தனுக்கு அழகல்ல என்றார்கள். தராசு வாரம் ஒரு முறை, செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குத் திறப்பதென்று ஏற்பாடானது. அன்றைய விலை அவரவர் அடையாள அட்டையில் சிவப்பு எழுத்தில் தெரியும்.

திருமூர்த்தி அப்போது வைண்டிங் செக்ஷனில் சூப்பர்வைசர். மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றுகிற இடம் அது. இரண்டு கம்பி முனை சேரும் ஜாயிண்டில் தண்ணீர் புகாமல் இருக்க டேப் சுற்றுவார்கள். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து ஏழு சுற்று. ஏன் ஏழு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. "அஞ்சு போதுமே" என்றார் திருமூர்த்தி. தானே உட்கார்ந்து ஐந்து சுற்றில் ஒரு மோட்டார் செய்து, டெஸ்டிங் தொட்டித் தண்ணீரில் இறக்கி ஓட்டியும் காட்டினார். ஓடியது. அந்த யோசனை நாலு வாரத்தில் எட்டு மடங்கு ஏறியது. வைண்டிங் செக்ஷன் சுவரில் ‘ஜாயிண்ட் டேப்: 5 சுற்று’ என்று தாள் ஒட்டினார்கள். பங்கு வாங்கியிருந்த டெஸ்பாட்ச் ஆள் ஒருவர் சேர்ந்த லீவில் காசிக்குப் போனார். போனவருக்கு லீவு இன்னும் மிச்சமிருக்கவே, திரும்பி வந்து மறுபடி போனார்.

அதன்பின் கம்பெனியில் யோசனை தீர்ந்துவிட்டது. குறைக்கக்கூடியதை எல்லாம் குறைத்தாயிற்று. மூன்று செவ்வாய்க்கிழமை சந்தை கூடி, சரக்கில்லாமல் கலைந்தது. அப்போதுதான் தராசே ஒரு யோசனை சொன்னது. யோசனை வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? யோசிக்கிற தலைகளையே விற்றால் என்ன?

ஆளுக்கொரு தலை, தலைக்கு நூறு பங்கு. இனிமேல் அந்தத் தலையில் உதிக்கப்போகும் யோசனைகளில் பங்குதாரருக்கு லாபம். இதில் ஏறின முதல் தலை திருமூர்த்தியுடையது. அவருக்கோ டேப்புக்குப் பிறகு ஒன்றும் தோன்றவில்லை. கூட்டங்களில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார உட்கார விலை ஏறியது.

"எனக்குப் புரியலீங்க மேடம்" என்று வினோதினியிடம் கேட்டார். "நானு ஒண்ணுமே சொல்றதில்லியே?"

"அதனாலதான் சார். ஒரு யோசனை சொல்லிட்டீங்கன்னா அதோட மதிப்பு இவ்வளவுதான்னு தெரிஞ்சுடும். சொல்லாத வரைக்கும் எவ்வளவு வேணாலும் இருக்கலாம் இல்லையா? ஜி.எம். சாரைப் பாருங்க, தினமும் நாலு யோசனை சொல்றார். கால் நாள்ல நிக்கறார்."

"அப்ப நானு பேசாம இருக்கோணும்."

"பேசாம இருங்கன்னு நான் எப்படி சார் சொல்ல முடியும்? அது சந்தையில தலையிடற மாதிரி. ஆனா பேசாம இருக்க ஒரு ரூம் தர்றோம்."

ஏசி போட்ட அறை. சோபா, தண்ணீர் ஜாடி, வெள்ளைப் பலகை, எழுதிவிடாதபடி மூடி இறுகிப்போன பேனா. கதவில் ‘யோசிக்கிறார்’ என்று ஒரு பலகை. வீட்டில் விலையைச் சொன்னபோது அவர் மனைவி கோமதி, "அதுக்கா அத்தனை வெலை?" என்று தலையை ஒரு தரம் பார்த்துவிட்டு, "வாரப்ப கொத்தமல்லித் தழை வாங்கிட்டு வந்துருங்க, போன தடவ மாதிரி மறந்துறாதீங்க" என்றார்.

வைண்டிங் வேலையை மயிலாத்தாள் பார்த்துக்கொண்டார். பத்தொன்பது வருஷமாகக் கம்பி சுற்றுகிறவர். அவருடைய தலையை ஒருவரும் ஒரு பங்குகூட வாங்காததால் அட்டையில் விலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. ஸ்டோரில் சாமான் எடுக்க வாரம் ஒரு முறை கையெழுத்துக்கு வருவார்.

"ஏனம்மிணி, வேலையெல்லாம் நடக்குதா?"

"நடக்குதுங்ண்ணா."

அவ்வளவுதான் பேச்சு.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், யோசித்து யோசித்து அலுத்துப்போய், திருமூர்த்தி டெஸ்டிங் பக்கம் நடந்தார். அங்கே டெஸ்டிங் பார்க்கும் ராக்கியப்பன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தொட்டிக்குள் திருமூர்த்தி செய்த அந்த ஐந்து சுற்று மோட்டார் நாலு மாசமாக அப்படியே கிடந்தது. வருகிறவர் போகிறவருக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தார்கள். கை சும்மா இருக்காமல் அவர் மெகரை எடுத்து வயரில் மாட்டினார். கம்பியின் மேலுறை மின்சாரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறதா என்று சொல்லும் கருவி அது. கைப்பிடியைச் சுற்றினார். முள் எழுந்திருக்கவே இல்லை. இடத்தை மாற்றி மாட்டினார். தூங்குகிறவன் புரண்டு படுப்பதுபோல ஒரு தரம் அசைந்து படுத்துக்கொண்டது.

"ராக்கியப்பா, இங்க வா."

ராக்கியப்பன் கையைக் கழுவிவிட்டு வந்து, தானும் சுற்றிப் பார்த்தார். பிறகு ஒரு தரம் கதவுப் பக்கம் பார்த்தார்.

"டேப்புக்குள்ள தண்ணி ஏறிருச்சு" என்றார் திருமூர்த்தி. "முத நாள் நின்னுச்சு. நாலு மாசம் நிக்கலை."

"மெகர் பழசு மாப்ள."

"மெகருக்கு ஒண்ணுமில்ல. நாளைக்குக் காலைல தர்மபுரிக்கு எத்தனை போகுது?"

"எண்ணூத்தி நாப்பது."

"எல்லாம் அஞ்சு சுத்து."

ஈரக்கையோடு குழாயைத் தொடுகிற குடியானவனுக்கு என்ன ஆகும் என்று ராக்கியப்பனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இருபத்து மூன்று வருஷமாக அவர் வேலையே அதைத் தடுப்பதுதான்.

"வாயைத் தொறக்கப்போறயா?" என்றார் கடைசியில்.

"தொறக்காம?"

"என்கிட்ட உன்ர தலை முப்பத்தியோரு பங்கு இருக்குது."

"அத்தனை எதுக்குய்யா வாங்குன?"

"நாள் ஒண்ணுன்னு வாங்குனேன். இப்ப ரெண்டாயிருச்சு. ஊட்டுக்காரிக்கு முழங்கால் ஆபரேஷன். ஒரு காலுக்கு ஒரு மாசம் கூட இருந்து பாக்கோணும்னு டாக்டர் சொல்றாரு. எங்கிட்ட இருந்தது ஒரு காலுக்கான லீவு. ரெண்டு காலையும் சேத்துப் பாத்துரலாம்னு உன்ர தலைல போட்டேன். வர்ற செவ்வாக்கிழமை வித்துருவேன்."

"லாரி வெள்ளிக்கிழமை போகுதே."

"அதான் சொல்றேன். லாரி போவட்டும். நானு வித்துக்கறேன். புதன்கிழமை நீ சொல்லு. கெணத்துல எறக்கறதுக்குள்ள திருப்பிக் கூப்புட்டுக்கலாம்."

"நீ வித்தா வாங்கறது யாரு? நம்ம கேண்டீன்காரனா, அந்த டெஸ்பாட்ச் ஆளா? அவங்கூட்டுல முழங்கால் இல்லியா?"

ராக்கியப்பன் டிபன் பாக்ஸை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. திறந்து மறுபடி மூடினார். "நீ நல்லவன்னு தெரிஞ்சிருந்தா வேற தலையா பாத்து வாங்கியிருப்பேன்" என்றார்.

சாயங்காலம் திருமூர்த்தி வினோதினியின் மேஜைக்குப் போனார். "மேடம், ஒரு விஷயம் சொல்லோணும்."

வினோதினி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "சொல்லாதீங்க சார். சந்தைக்குத் தெரியாத விஷயத்தை நான் முன்னாடியே கேட்டா அது குற்றம். என் வேலை போயிடும்."

"மொதலாளிகிட்டச் சொல்றேன்."

"அவர்கிட்டயும் உங்க பங்கு இருபது இருக்கு சார். அவரும் கேக்கக்கூடாது. சொல்றதா இருந்தா எல்லாருக்கும் ஒரே நேரத்துல சொல்லணும். அதுதான் விதி."

விதி அப்படி இருந்ததால், வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஷிஃப்ட் மாறி இரண்டு கூட்டமும் வாசலில் இருக்கும் நேரமாகப் பார்த்து, திருமூர்த்தி லாரியின் பின்கதவில் ஏறி நின்றார். முதலாளி காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். இருநூறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவரவர் லீவு மேலே ஏறி நிற்கிற மாதிரித்தான் அவர்களுக்கு இருந்தது.

"அஞ்சு சுத்து தப்புங்க" என்றார். "நானு சொன்ன யோசனைதான். தப்பு. தண்ணி ஏறுது. இந்த மோட்டாரு எதையும் அனுப்பக்கூடாது."

கூட்டம் லாரியை நெருக்கிக்கொண்டு வந்தது.

"எறங்குடா கீழ" என்றது ஒரு குரல். "என்ர பன்னெண்டு நாளைக் குடுத்துட்டு அப்பறம் பேசு" என்றது இன்னொன்று. மூன்றாவதாக ஒருவர், திருமூர்த்திக்கு உடம்பு சரியில்லை, பேசியதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று வினோதினியிடம் மனு கொடுக்கும் முறையைப் பற்றி விசாரித்தார்.

முதலாளி லாரியை நிறுத்தச் சொன்னார். இரண்டு நாள் விலையுள்ள தலை சொல்லும்போது நிறுத்தாமல் எப்படி? கால் நாள் ஜி.எம். சொல்லியிருந்தால் லாரி அந்நேரம் அவிநாசி தாண்டியிருக்கும்.

மோட்டார்களை இறக்கிப் பிரித்தார்கள். முதல் மோட்டாரின் ஜாயிண்டைத் திருமூர்த்தியே பிரித்தார். டேப்பை ஒவ்வொரு சுற்றாக உரித்து எண்ணினார். ஒன்று, இரண்டு என்று போய் ஐந்தில் நிற்கவில்லை. ஆறு, ஏழு. வேறொன்றைப் பிரித்தார். ஏழு. மத்தியானத்துக்குள் நாற்பது மோட்டார் பிரித்தாயிற்று. எல்லாம் ஏழு. அந்தக் கம்பெனியிலேயே ஐந்து சுற்று மோட்டார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது திருமூர்த்தி தன் கையால் செய்து தொட்டியில் போட்டது.

மயிலாத்தாளைக் கூப்பிட்டார்கள்.

"அஞ்சுன்னு சுவத்துல ஒட்டியிருக்குதே, படிக்கலியா?" என்றார் முதலாளி.

"படிச்சமுங்க."

"பின்ன?"

"அஞ்சு நிக்காதுங்க. விரலை வெச்சு அமுக்குனா உள்ள நெகிழுது. ஏழுதான் நிக்கும்."

"அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றார் திருமூர்த்தி. குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

மயிலாத்தாள் தன் அட்டையைத் திருப்பி அதிலிருந்த கோட்டைக் காட்டினார். "இத மாட்டிக்கிட்டுச் சொன்னா யாருங்ண்ணா கேப்பா? உங்களுக்கு விலை ஏறிட்டு இருந்துச்சு. அதைக் கெடுப்பானேன்னு எங்க பாட்டுக்குச் சுத்திட்டு இருந்தம்."

"டேப் செலவு குறைஞ்சிருக்கணுமே? அதை யாரும் பார்க்கலையா?" என்று முதலாளி வினோதினி பக்கம் திரும்பினார்.

"விலை ஏறிட்டே இருந்ததால பார்க்கணும்னு தோணலை சார்" என்றார் வினோதினி. பொய் சொல்லத் தெரியாத பெண்.

லாரி மறுநாள் தர்மபுரிக்குப் போனது. ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திருமூர்த்தியின் தலைக்குத்தான் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை சந்தை திறந்த பத்தாவது நிமிஷம், வாங்க ஆளில்லாமல், அவர் அட்டையில் எண் போய்க் கோடு வந்துவிட்டது. அன்று அவர் முடிவெட்டிக்கொண்டார்.

வெட்டிக்கொண்டு சந்தை முடிவதற்குள் வந்தவர் நேரே தொட்டிப் பக்கம் போய் ராக்கியப்பன் எதிரில் நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து இருவர் கையின் மேலும் போட்டார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான், விலையை வாயால் சொல்லாமல் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். தராசுக்குக் காது உண்டென்பதால் கம்பெனியிலும் பேரம் அதே முறையில்தான் நடந்தது.

"என்ன வேணும்?" என்றார் ராக்கியப்பன்.

"என்ர தலை முப்பத்தியோரு பங்கு வெச்சிருக்கியே. விக்கறயா?"

ராக்கியப்பன் துண்டுக்குள் அவருடைய சுண்டுவிரல் நுனியைத் தொட்டார். மொத்தத்துக்கும் சேர்த்து அரை நாள் என்று அர்த்தம். அதுவே அன்றைய நிலவரத்துக்கு அதிகம். திருமூர்த்தி அந்தக் கையை விலக்கி, மூன்று விரலைச் சேர்த்து அழுத்திவிட்டு, பிறகு ஒற்றை விரலைப் பிடித்தார். முப்பத்தொன்று.

"கிறுக்கா உனக்கு?"

"எனக்கு முப்பத்தஞ்சு நாள் லீவு இருக்குது. நானு எங்க போகப்போறேன்?"

"ஒண்ணுக்கும் ஆவாத தலைய்யா அது."

"என்ரதுதானே. நானு வெச்சுக்கறேன்."

ராக்கியப்பன் விரலை விடவில்லை. "ஒரு கால்தான் ஆவும்" என்றார்.

"எந்தக் காலு ரொம்ப வலிக்குது?"

"எடது."

"அத மொதல்ல பாரு."

இப்படித் தன் தலையைத் தானே வாங்கிய முதல் மனிதர் திருமூர்த்திதான். பங்கு ஒரு நாள் விலைக்குக் கைமாறியதைக் கண்டு தராசு குழம்பிப்போய் அரை மணி நேரம் அவர் விலையை ஏற்றிக் காட்டிவிட்டு மறுபடி கோட்டுக்குத் திரும்பியது. அந்த அரை மணிக்குள் டெஸ்பாட்ச் ஆள் எட்டுப் பங்கு வாங்கி, காசிக்குப் போய் மிச்சமிருந்த லீவையெல்லாம் அதில் விட்டார்.

அதே சந்தையில் மயிலாத்தாளின் தலை பங்குக்கு இரண்டரை நாள் என்ற விலையில் முடிந்தது. நாலு மாசம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த தலை இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறதோ என்று ஆளாளுக்கு அள்ளினார்கள். புதன்கிழமை அவரை ஏசி அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள்.

"எனக்கு யோசனையெல்லாம் வராதுங்க மேடம். கம்பிதான் சுத்தத் தெரியும்" என்றார் மயிலாத்தாள்.

"சுத்த வேண்டாம்மா" என்றார் வினோதினி. "உங்களுக்கு வாயில வராது, கையில வந்துடும். அதான் எங்களுக்குப் பயமா இருக்கு." வெள்ளைப் பலகைப் பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மயிலாத்தாள் சோபாவின் ஓரத்தில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சோபாத் துணியில் பிரிந்திருந்த ஒரு நூலை விரலில் சுற்றியபோது, அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

திருமூர்த்தி வினோதினியிடம் போனார். "மேடம், சுவத்துல இன்னும் அஞ்சுன்னுதான் இருக்குது. அத ஏழுன்னு மாத்தோணும்."

வினோதினி திரையைப் பார்த்தார். "அந்த யோசனை ‘நிறைவேறியது, தீங்கு எதுவும் இல்லை’ன்னு முடிஞ்சுபோச்சு சார். மாத்தணும்னா அது புது யோசனை. புது யோசனை போடறவங்க தலை குறைஞ்சது கால் நாளாவது இருக்கணும்."

"என்ரது கோடு."

"ஆமா சார்."

"மயிலாத்தா போடலாமே?"

"அவங்க போட்டா விலை எறங்கிடும் சார்." வினோதினி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் தெரியுது. நான் என்ன பண்ணட்டும்?"

சூப்பர்வைசர் வேலையையும் தராசு விலை பார்த்துத்தான் கொடுத்தது என்பதால் திருமூர்த்தியை வைண்டிங் பெஞ்சில் மயிலாத்தாளின் காலி இடத்தில் போட்டார்கள். வெள்ளிக்கிழமை புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். ஒருத்தி பல்லடம், இன்னொருத்தி சூலூர். சுவர்த் தாளைப் பார்த்து வேலை பழகும்படி அவர்களுக்கு உத்தரவு.

சூலூர்க்காரி கெட்டிக்காரி. தாளில் உள்ளபடி மளமளவென்று ஐந்து ஜாயிண்ட் முடித்து வைத்துவிட்டு, பக்கத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த திருமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, அஞ்சுன்னுதானுங்களே போட்டிருக்குது?"

"ஆமா அம்மிணி, அஞ்சுதான்" என்றார் திருமூர்த்தி. ஆறாவதை இழுத்துப் பிடித்துச் சுற்றி, ஏழாவதையும் சுற்றி, விரலை வைத்து அமுக்கிப் பார்த்தார். பிறகு அவள் முடித்து வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து அவள் கையிலேயே கொடுத்து, அதையும் அமுக்கிப் பார்க்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

அவள் அமுக்கினாள். அவர் கழுத்தில் தொங்கிய அட்டையின் கோட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அந்த ஐந்து ஜாயிண்டையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, டேப்பின் நுனியை மறுபடி தேட ஆரம்பித்தாள்.